கலங்கரை விளக்கம் கட்டாத ஸ்டீவன்சன்

'கிட்நாப்ட்' நாவலில் டேவிட் பால்ஃபர் என்ற இளைஞன் ஏறிவந்த கப்பல் பாறையில் மோதி உடைகிறது. அவன் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் எர்ரெய்ட் என்னும் சின்னஞ்சிறு தீவில் கரையொதுங்குகிறான். எதிரே கொஞ்ச தூரத்தில் மல் தீவு தெரிகிறது, ஆனால் நடுவில் கடல். அவனுக்கு நீச்சல் தெரியாது. பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைப் பிய்த்துப் பச்சையாகத் தின்கிறான். சில வேளை அது வயிற்றில் தங்குகிறது, சில வேளை குமட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. விடாத மழை. மீன்படகு ஒன்று பக்கத்தில் போகிறது. இவன் தொண்டை கிழியக் கத்த, படகில் இருப்பவர்கள் கேலிக் மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மறுநாள் அதே படகு திரும்பி வருகிறது. அவர்கள் பேசுவதில் ஒரே ஒரு சொல் இவன் காதில் பிடிபடுகிறது. அது கடலின் ஏற்றவற்றத்தைக் குறிக்கும் சொல். அப்போதுதான் உறைக்கிறது. கடல் வற்றும் நேரத்தில் அந்தத் தீவிலிருந்து நடந்தே அக்கரைக்குப் போய்விடலாம், அதுவும் நாளுக்கு இரண்டு முறை. கரையோரத்தில் பிறந்த பையனாக இருந்தால் ஒரு நாள்கூட அங்கே மாட்டிக்கொண்டிருக்க மாட்டான்.

இந்த இடத்தை ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் புத்தகம் படித்து எழுதவில்லை. 1870-இல், 19 வயதில், அதே எர்ரெய்ட் தீவில் மூன்று வாரம் தங்கியிருந்தார். அவருடைய அப்பாவின் நிறுவனம் தெற்கே கடலுக்குள் இருக்கும் தூ ஆர்ட்டாக் பாறையில் கலங்கரை விளக்கம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அதற்கான கருங்கல்லை எர்ரெய்ட்டில்தான் வெட்டிச் செதுக்கினார்கள். கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும், எந்தப் பாறை எப்போது தலைகாட்டும் என்பதெல்லாம் அங்கே வேலை செய்தவர்களுக்கு அன்றாடக் கணக்கு. 16 வருடம் கழித்து, இங்கிலாந்தின் தென்கரையில் பாதி நாள் படுக்கையில் கிடந்தபடி, அந்தக் கணக்கை ஸ்டீவன்சன் ஒரு பையனின் பட்டினியாக மாற்றினார்.

நம்மில் பலருக்கு அவர் சின்ன வயதில் படித்த 'புதையல் தீவு' என்ற கடல்கொள்ளையர் கதையின் ஆசிரியர். மரக்கால், தோளில் கிளி, புதையல் வரைபடம் என்று அந்தப் பிம்பம் மனசில் உறைந்துபோயிருக்கிறது. அதனாலேயே அவரைக் கற்பனைச் சிறகு கட்டிப் பறந்தவர் என்று நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்டீவன்சன் அளந்து எழுதியவர். நிலத்தை, நீரை, தூரத்தை, திசையை அளந்து, அதன்மேல் மனிதர்களை நடமாட விட்டவர். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க அவர் குடும்பத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தாத்தா ராபர்ட் ஸ்டீவன்சன். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஆர்ப்ரோத் ஊருக்கு எதிரே, ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தூரத்தில், பெல் ராக் என்றொரு பாறைத்திட்டு இருக்கிறது. கடல் ஏறியிருக்கும்போது அது முழுக்க நீருக்குள் மறைந்துவிடும். வற்றத்தில் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே தெரியும். எத்தனையோ கப்பல்களைக் காவு வாங்கிய இடம். அங்கே 1807-இல் வேலையைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு வற்றத்திலும் கிடைத்தது இரண்டு மணி நேரம் போலத்தான். அதற்குள் பாறையைக் குடைந்துவிட்டுப் படகுக்குத் திரும்பியாக வேண்டும். கற்களை ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்படி செதுக்கி அடுக்கினார்கள். 1811 பிப்ரவரி 1 அன்று விளக்கு ஏற்றப்பட்டது. அந்தக் கோபுரம் இன்றைக்கும் அலைக்கு நடுவில் நின்றுகொண்டிருக்கிறது.

தாத்தாவின் பிள்ளைகளில் மூன்று பேர் அதே தொழிலுக்கு வந்தார்கள். மூத்தவர் ஆலன், 1844-இல் ஸ்கெரிவோர் கோபுரத்தைக் கட்டி முடித்தார். டேவிட்டும் தாமஸும் ஸ்காட்லாந்தின் வடகோடியில் மக்கிள் ஃப்ளக்கா பாறையில் விளக்கு வைத்தார்கள். தாமஸ்தான் நம் எழுத்தாளரின் அப்பா. அலை ஒரு சுவரில் எவ்வளவு விசையோடு மோதுகிறது என்று அளக்க ஒரு கருவி செய்தவர் அவர். இன்னொன்றும் அவர் செய்ததுதான்: வானிலை நிலையங்களில் வெப்பமானிகளை வெயிலும் மழையும் படாமல் வைக்க, பக்கங்களில் காற்று புகும்படி சட்டம் அடித்த வெள்ளை மரப்பெட்டி. ஸ்டீவன்சன் கூண்டு என்பார்கள். நம் ஊர் வானிலை நிலையங்களிலும் அந்தப் பெட்டியைப் பார்க்கலாம். மகனின் பெயர் நூலகத்தில் இருக்கிறது என்றால் அப்பாவின் பெயர் வெட்டவெளியில் நாலு காலில் நிற்கிறது.

தாமஸ் தோற்ற இடமும் உண்டு. வடக்கே விக் துறைமுகத்தில் அவர் கட்டிய அலைதடுப்புச் சுவரைக் கடல் திரும்பத் திரும்ப உடைத்தது. 1872-இல் வந்த புயல் ஆயிரம் டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரே பாளத்தை இடத்தைவிட்டு நகர்த்திப் போட்டது. கடைசியில் அந்த வேலையையே கைவிட்டார்கள். அப்பாவின் வாழ்க்கையில் நேர்ந்த பெரிய தோல்வி இதுதான் என்று மகன் பிற்பாடு எழுதினார். கடலோடு மல்லுக்கு நின்று தோற்ற ஒருவரை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர், தன் கதைகளில் கடலை வெறும் பின்னணித் திரையாக வைக்காததில் ஆச்சரியம் இல்லை.

ராபர்ட் லூயிஸ் 1850 நவம்பர் 13 அன்று எடின்பரோவில் பிறந்தார். ஒரே பிள்ளை. சின்ன வயதிலிருந்தே நெஞ்சு பலவீனம், இருமல், காய்ச்சல். எடின்பரோவின் குளிர்காற்று அவருக்கு ஆகவே இல்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருமும் குழந்தையை அலிசன் கன்னிங்ஹாம் என்ற தாதி மடியில் போட்டுக்கொண்டு, மதத்துக்காக உயிர்விட்ட ஸ்காட்லாந்துக்காரர்களின் கதைகளைச் சொல்வார். குழந்தையின் பயமும் கனவும் அந்தக் கதைகளால் நிரம்பின. சாயங்காலமானால் ஜன்னல் வழியே, ஏணியோடு வந்து தெருவிளக்குகளை ஏற்றிக்கொண்டு போகும் ஆளுக்காகக் காத்திருப்பார். விளக்கேற்றும் குடும்பத்துப் பிள்ளை, தெருவிளக்கு ஏற்றுபவரைப் பற்றி எழுதிய பாட்டு 1885-இல் வெளிவந்த அவருடைய குழந்தைப் பாடல் தொகுப்பில் இருக்கிறது. அந்தத் தொகுப்பை அலிசனுக்குத்தான் காணிக்கை ஆக்கினார்.

பையனும் பொறியாளராக வருவான் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. 1867-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்த்தார்கள். கோடை விடுமுறைகளில் துறைமுக வேலைகளுக்கு அனுப்பினார்கள். விக்கில் கனமான முக்குளிப்பு உடையை மாட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்கிப் பார்த்தார். வகுப்புக்கு ஒழுங்காகப் போகவில்லை என்பது உண்மை. ஆனாலும் 1871-இல், விட்டுவிட்டு ஒளிரும் கலங்கரை விளக்கு பற்றி அவர் படித்த கட்டுரைக்குக் கலைக்கழகம் ஒன்று வெள்ளிப் பதக்கம் கொடுத்தது. அது நடந்து சில வாரங்களுக்குள், எனக்கு இந்தத் தொழில் வேண்டாம், எழுதத்தான் ஆசை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். எழுத்து சோறு போடாது என்ற கவலை அப்பாவுக்கு. சரி, சட்டமாவது படி என்று சமாதானம் ஆனது. 1875-இல் வழக்கறிஞராகப் பதிவும் செய்துகொண்டார். ஆனால் அந்தத் தொழிலில் அவர் நிலைக்கவே இல்லை.

தொழில் சண்டையைவிட மதச் சண்டை கடுமையாக இருந்தது. 1873-இல் அப்பா நேருக்கு நேர் கேட்டபோது, தனக்கு அவருடைய கிறிஸ்தவ நம்பிக்கை இல்லை என்று மகன் ஒளிக்காமல் சொன்னார். அந்த வீடு மாதக்கணக்கில் துக்க வீடு மாதிரி கிடந்தது. அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் உயிராக நேசித்தவர்கள் என்பதால்தான் அந்தக் காயம் அவ்வளவு ஆழமாகப் போயிருக்க வேண்டும்.

1876-இல் பிரான்சின் க்ரே கிராமத்தில் ஓவியர்கள் கூடும் விடுதியில் ஃபேனி ஆஸ்போர்னைச் சந்தித்தார். அமெரிக்கப் பெண், பத்து வயது மூத்தவர், கணவரைப் பிரிந்து வந்திருந்தவர். அந்த வருடம்தான் கடைசி மகனைப் பாரிஸில் பறிகொடுத்திருந்தார். ஃபேனி கலிபோர்னியாவுக்குத் திரும்பிய பிறகு, 1879 ஆகஸ்டில் வீட்டுக்குச் சொல்லாமல் ஸ்டீவன்சன் கிளம்பிவிட்டார். பிழைப்பு தேடிப் போகிறவர்கள் நிறைந்த கப்பலில் கடல் கடந்து, அப்புறம் அதே மாதிரி ஆட்களை அடைத்த ரயிலில் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போனார். வழியெல்லாம் சொறி, காய்ச்சல், பட்டினி. கலிபோர்னியாவில் சாகும் நிலைக்கே போய், ஆட்டுப்பண்ணைக்காரர்கள் எடுத்துப் பார்த்ததால் பிழைத்தார். ஃபேனிக்கு மணவிலக்கு கிடைத்ததும் 1880 மே 19 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் திருமணம் நடந்தது.

இந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூலைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது முக்கியமானது. அவருடைய ரயிலில் சீனர்களைத் தனிப்பெட்டியில் அடைத்திருந்தார்கள். வெள்ளைக்காரப் பயணிகள் அவர்களை அழுக்கர்கள் என்று ஏசினார்கள். அவர்கள்தான் எங்களைவிடச் சுத்தமாக இருந்தார்கள் என்று ஸ்டீவன்சன் எழுதுகிறார். நிலத்தைப் பறிகொடுத்த பூர்வகுடிகள் ஒரு நிலையத்தில் நின்றபோது சக பயணிகள் அவர்களைக் கேலி செய்ததைப் பார்த்து வெட்கப்பட்டதாகவும் எழுதுகிறார். மகன் இப்படிப் பஞ்சைகளோடு பஞ்சையாகப் போனதை அச்சில் பார்க்க அப்பாவால் முடியவில்லை. பதிப்பாளருக்குப் பணம் கொடுத்து அந்த நூலை நிறுத்தி வைத்தார். ஸ்டீவன்சன் இறந்த பிறகுதான் அது தனிப் புத்தகமாக வந்தது.

திருமணம் ஆனதும் அப்பா மருமகளை ஏற்றுக்கொண்டார், மகனுக்குப் பணமும் தர ஆரம்பித்தார். அடுத்த வருடம், 1881 ஆகஸ்டில், ஸ்காட்லாந்தின் பிரேமார் என்ற ஊரில் எல்லோரும் ஒரு வீட்டில் தங்கியிருந்தார்கள். வெளியே கால் வைக்க முடியாத மழை. ஃபேனியின் மகன் லாயிட் உள்ளே உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். பையனோடு சேர்ந்து ஸ்டீவன்சனும் ஒரு தீவின் வரைபடம் போட்டார். மலைக்கு, விரிகுடாவுக்கு, முனைக்கு எல்லாம் பெயர் வைத்தார். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது மரங்களுக்கு நடுவிலிருந்து ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள் என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். அடுத்து அத்தியாயப் பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டார். 'புதையல் தீவு' அப்படித்தான் பிறந்தது. நாளுக்கு ஒரு அத்தியாயம் என்ற கணக்கில் 15 அத்தியாயம் ஓடியது. ராத்திரியில் வீட்டார் கூடும்போது எழுதியதை வாசித்துக் காட்டுவார்.

அங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் நடந்தது. கறாரான பொறியாளர், கடவுள் பக்தர், மகனின் எழுத்து ஆசையால் நொந்துபோயிருந்த தாமஸ் ஸ்டீவன்சன், சின்னப் பையன் மாதிரி இந்தக் கதைக்குள் குதித்துவிட்டார். கதையில் வரும் பழைய மாலுமி பில்லி போன்ஸின் பெட்டியைத் திறக்கும்போது உள்ளே என்னென்ன இருக்க வேண்டும் என்று நாளின் பெரும்பகுதி உட்கார்ந்து பட்டியல் போட்டுக் கொடுத்தார். ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒளிந்திருக்கும் கதைநாயகப் பையன் ஜிம், சதித்திட்டத்தைக் கேட்டுவிடும் காட்சி இருக்கிறதே, அதுவும் அவர் யோசனைதான். பிற்பாடு அந்த முதல் வரைபடம் பதிப்பாளருக்குப் போகும் வழியில் தொலைந்துபோனது. கதையில் சொல்லியிருக்கும் தூரத்தையும் திசையையும் ஒவ்வொன்றாக எடுத்து, அதற்குப் பொருந்தும்படி புது வரைபடம் தயாரிக்க வேண்டியிருந்தது. அதைத் தயாரித்த இடம் அப்பாவின் அலுவலகம். புதையலைப் புதைத்த கொள்ளையன் கேப்டன் ஃபிளின்ட்டின் கையெழுத்தைப் போட்டவரும் அப்பாதான். கலங்கரை விளக்கங்களுக்குப் படம் வரைந்த மேஜையில் புதையல் தீவுக்கும் படம் வரைந்தார்கள். தொழிலை விட்டுப் போன பிள்ளைக்கும் அப்பாவுக்கும் நடுவில் சமாதானம் எங்கே நடந்தது என்று யாராவது கேட்டால் நான் அந்த மேஜையைத்தான் காட்டுவேன்.

1894-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் தன் முறையை ஸ்டீவன்சன் விளக்குகிறார். கதாசிரியன் தன் நிலப்பரப்பை உள்ளங்கையாக அறிந்திருக்க வேண்டும். ஊருக்கு ஊர் எவ்வளவு தூரம், சூரியன் எந்தப் பக்கம் எழும், நிலா என்றைக்கு எங்கே நிற்கும் என்பதெல்லாம் பிசகக்கூடாது. தானே முன்பு ஒரு நாவலில் நிலாவைத் தப்பாக வைத்துவிட்டதையும், அதற்குப் பிறகு பஞ்சாங்கமும் வரைபடமும் இல்லாமல் எழுத உட்காருவதில்லை என்பதையும் சொல்கிறார். இதைப் படிக்கும்போது எழுத்தாளர் பேசுவது மாதிரியே இல்லை. நிலஅளவை செய்பவர் பேசுவது மாதிரி இருக்கிறது.

'புதையல் தீவு' முதலில் 'யங் ஃபோக்ஸ்' என்ற சிறுவர் வார இதழில் 1881 அக்டோபரிலிருந்து 1882 ஜனவரி வரை, கேப்டன் ஜார்ஜ் நார்த் என்ற புனைபெயரில் வந்தது. பெரிய வரவேற்பு ஒன்றும் இல்லை. அது ஆரம்பக் கல்வி பரவிக்கொண்டிருந்த காலம். படிக்கத் தெரிந்த புதுப் பிள்ளைகளுக்காக மலிவு விலை வார இதழ்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. பத்தோடு பதினொன்றாகத்தான் இந்தக் கதையும் அதில் கிடந்தது. 1883-இல் புத்தகமாக வந்த பிறகுதான் பெரியவர்கள் கண்ணில் பட்டது. புத்தகத்துக்கு அவருக்குப் பேசிய தொகை 100 பவுண்டு. அதைக் கேட்டுத் துள்ளிக் குதித்து வீட்டுக்குக் கடிதம் எழுதினார்.

அந்தக் கதை இன்றும் வாழ்வதற்குக் காரணம் புதையல் அல்ல, லாங் ஜான் சில்வர். ஒற்றைக்காலில் ஊன்றுகோலோடு கப்பல் தளத்தில் பறவை மாதிரி தத்தித் திரிகிறான். பையன்களிடம் பிரியமாகப் பேசுகிறான், சமைக்கிறான், கொலை செய்கிறான், கட்சி மாறுகிறான். ஜிம்முக்கு அவன்மேல் பயமும் இருக்கிறது, விலக முடியாத ஈர்ப்பும் இருக்கிறது. இந்த ஆளுக்கு மூலம் ஸ்டீவன்சனின் நண்பர், கவிஞர் ஹென்லி. எலும்பைப் பிடித்த காசநோயால் ஒரு காலை இழந்து, இன்னொரு காலைக் காப்பாற்ற எடின்பரோ மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஜோசஃப் லிஸ்டரிடம் சிகிச்சையில் இருந்தபோது, 1875-இல் பழக்கம் ஆனவர். ஊனமுற்ற உடம்பில் அவர் காட்டிய பலமும் ஆளுமையும்தான் சில்வரைப் பிறப்பித்தன என்று ஸ்டீவன்சன் அவருக்கே எழுதினார். கெட்டவன் ஏன் நமக்குப் பிடித்துப்போகிறான் என்ற கேள்வியை இவ்வளவு நேர்மையாக ஒரு பையனின் கண் வழியாகக் கேட்ட கதை வேறு எதையும் நான் படித்ததில்லை.

அடுத்து 1884-லிருந்து 1887 வரை இங்கிலாந்தின் போர்ன்மத்தில் இருந்தார். அப்பா மருமகளுக்கு வாங்கிக் கொடுத்த அந்த வீட்டுக்கு ஸ்கெரிவோர் என்று பெயர் வைத்தார், பெரியப்பா கட்டிய கோபுரத்தின் பெயர். நுரையீரலிலிருந்து ரத்தம் கொட்டும், வாரக்கணக்கில் பேசக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிடுவார்கள். காசநோய் என்றுதான் அன்று எல்லோரும் நம்பினார்கள். வேறு நுரையீரல் நோயாக இருக்கலாம் என்ற கருத்தும் பிற்கால மருத்துவர்களிடம் உண்டு. அந்தப் படுக்கையில்தான் 1886-இல் வெளியான இரண்டு புத்தகங்களும் எழுதப்பட்டன. ஒன்று டாக்டர் ஜெக்கிலும் ஹைடும், ஒரே மனிதனுக்குள் நல்லவனும் கெட்டவனும் வாழும் கதை. கனவில் வந்த காட்சியிலிருந்து பிறந்தது, ஆறு மாதத்தில் ஏறக்குறைய 40,000 பிரதி விற்றது, அவரை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது. கதை லண்டனில் நடந்தாலும் அதன் வேர் எடின்பரோவில்தான் இருக்கிறது. பகலில் மதிப்பான தச்சர், இரவில் திருடன் என்று வாழ்ந்து 1788-இல் தூக்கிலிடப்பட்ட டீக்கன் பிரோடி செய்த அலமாரி ஒன்று, சின்ன வயதில் ஸ்டீவன்சனின் அறையிலேயே இருந்தது.

இன்னொரு புத்தகம் 'கிட்நாப்ட்'. அவர் எழுதியதில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். அதற்குப் பின்னால் உள்ள சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1745-இல் ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்ல்ஸை அரியணை ஏற்ற ஹைலண்ட்ஸ் எனப்படும் வடக்கு மலைநாட்டுக் குலங்கள் பல கிளர்ந்து எழுந்தன. 1746 ஏப்ரலில் கலோடனில் அவர்களை நசுக்கினார்கள். அதற்குப் பிறகு மலைநாட்டார் ஆயுதம் வைத்திருக்கத் தடை, கட்டம் போட்ட டார்ட்டன் துணி உடுத்தத் தடை. தலைவர்களின் நிலங்களை அரசு பறிமுதல் செய்தது. 1752 மே மாதம், அப்படிப் பறித்த நிலங்களுக்குக் குத்தகை வசூலிக்க வந்த காலின் கேம்பெல் என்ற அதிகாரி அப்பின் பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆலன் பிரெக் ஸ்டூவர்ட் என்பவர்மேல் சந்தேகம், அவர் தப்பிவிட்டார். அவருக்குப் பதிலாக அவருடைய உறவினர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் மாட்டிக்கொண்டார். வழக்கை விசாரித்த நீதிபதி கேம்பெல் குலத்தின் தலைவர். ஜூரிகள் 15 பேரில் 11 பேர் கேம்பெல்கள். நவம்பரில் ஜேம்ஸைத் தூக்கில் போட்டார்கள். சுட்டது யார் என்பது இன்றுவரை தீராத கேள்வி.

நாவலில் டேவிட் சமவெளிக்காரன், அரசுக்கு விசுவாசமான மதக்கட்டுப்பாட்டில் வளர்ந்தவன். ஆலன் பிரெக் தோற்ற கட்சியின் மலைநாட்டு வீரன், கர்வி, சூதாடி, உயிர் நண்பன். இருவரும் கொலை நடந்த இடத்திலிருந்து சேர்ந்து ஓடுகிறார்கள். பாறை உச்சியில் வெயிலில் வதங்குகிறார்கள், புதர்க்காட்டில் தவழ்கிறார்கள், சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் நடக்கிறார்கள். ஒரே நாட்டின் இரண்டு பாதிகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளப் படும் பாடு அது. அந்த ஓட்டத்தை வரைபடத்தில் கோடு போட்டே புத்தகத்தோடு சேர்த்து அச்சிட்டார். தன் தாயின் குடும்பப் பெயரைக் கதாநாயகனுக்கு வைத்தார். இப்படி ஒரு நாவலைச் சிறுவர் நூல் வரிசையில் நிறுத்திவிட்டு நகர்ந்துவிட்டது இருபதாம் நூற்றாண்டு விமர்சனம் செய்த பெரிய அநியாயம். ஹென்றி ஜேம்ஸ் போன்ற நுட்பமான நாவலாசிரியர் அவரைச் சமமாக வைத்து விவாதித்தார். அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் வாழ்நாள் முழுக்க அவரைக் கொண்டாடினார். வகுப்பறைகள்தான் ரொம்ப காலம் கதவைச் சாத்தி வைத்திருந்தன.

1887 மே மாதம் அப்பா இறந்தார். அந்த வருடமே வெளிவந்த கவிதைத் தொகுப்பில் ஒரு கவிதை. என் முன்னோரின் உழைப்பைத் தட்டிக்கழித்து, அவர்கள் எழுப்பிய கோபுரங்களையும் ஏற்றிய விளக்குகளையும் விட்டு ஓடி, வீட்டில் குழந்தை மாதிரி காகிதத்தோடு விளையாடினேன் என்று என்னைச் சொல்லாதீர்கள் என்று அதில் கேட்கிறார். கடுமையாக உழைத்த ஒரு குடும்பம் கையில் ஒட்டிய கருங்கல் தூளைத் தட்டிவிட்டு, கரையோரமெங்கும் தன் கோபுரங்கள் மாலை வெயிலில் மின்னுவதைப் பார்த்து நிறைந்து, அந்திப் பொழுதை நெருப்போரம் இந்தப் பிள்ளை விளையாட்டுக்குக் கொடுத்தது என்று சொல்லுங்கள் என்கிறார். இதை எப்போது படித்தாலும் எனக்கு அந்த வரைபட மேஜைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அப்பா போன பிறகு பிரிட்டனில் அவரைப் பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் ஒரு குளிர்காலம் கழித்துவிட்டு, 1888 ஜூனில் காஸ்கோ என்ற பாய்மரக் கப்பலை வாடகைக்கு எடுத்து, மனைவி, தாய், லாயிட் எல்லோரோடும் பசிபிக் கடலுக்குள் கிளம்பினார். மார்க்கேசாஸ், தாஹிதி, ஹவாய், கில்பர்ட் தீவுகள். கடற்காற்றில் உடம்பு தேறியது. 1890-இல் சமோவாவின் உபோலு தீவில், ஆபியா ஊருக்கு மேலே, வைலிமா என்ற இடத்தில் ஏறக்குறைய 300 ஏக்கர் காடு வாங்கி வீடு கட்டினார். தான் இனி வடக்கே திரும்பினால் பிழைக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

சமோவா அப்போது மூன்று வல்லரசுகள் பங்கு கேட்டுச் சுற்றி நின்ற இடம். ஜெர்மன் கம்பெனி ஒன்று பெரிய கொப்பரைத் தோட்டங்களை வைத்துக்கொண்டு, வேறு தீவுகளிலிருந்து கூலிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கியது. ஜெர்மனியும் அமெரிக்காவும் பிரிட்டனும் ஆளுக்கொரு பக்கம் உள்ளூர்த் தலைவர்களைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தன. 1889 மார்ச்சில் ஆபியா துறைமுகத்தில் மூன்று ஜெர்மன் போர்க்கப்பல்களும் மூன்று அமெரிக்கப் போர்க்கப்பல்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றபோது பெரும்புயல் அடித்து ஆறையும் உடைத்தோ கரையேற்றியோ போட்டது. பிறகு பெர்லினில் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு லௌபேபா என்ற தலைவரை அரசராக்கினார்கள். மக்களிடம் செல்வாக்குள்ள இன்னொரு தலைவர் மாதாஃபா ஒதுக்கப்பட்டார்.

ஸ்டீவன்சன் இதை வேடிக்கை பார்க்கவில்லை. சமோவா மொழியைக் கற்றுக்கொண்டார். லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். வெள்ளை அதிகாரிகளின் திறமையின்மையையும் பேராசையையும் பெயர் சொல்லி விளக்கி 1892-இல் சமோவாவின் எட்டு வருடத் தொல்லைகளைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். அவரை நாடு கடத்தலாமா என்று அதிகாரிகள் யோசிக்கும் அளவுக்குப் போனது. அதே சமயத்தில் அவர் மேஜையில் வளர்ந்துகொண்டிருந்த நாவல் 'கட்ரியோனா', 'கிட்நாப்ட்' கதையின் தொடர்ச்சி. ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு நடந்த அநியாய விசாரணைதான் அதன் நடுப்பகுதி. குற்றம் நடந்ததா என்பதைவிட எந்தக் குலம் ஜெயித்தது என்பதே தீர்ப்பைத் தீர்மானிக்கும் ஒரு நாட்டைப் பற்றி, அதே மாதிரி இன்னொரு நாட்டில் உட்கார்ந்து எழுதினார். விசேஷ நாட்களில் வைலிமாவின் சமோவா வேலையாட்கள் இடுப்பில் கட்டிய துணி ஸ்டூவர்ட் டார்ட்டன். ஒரு காலத்தில் சொந்த நாட்டில் தடை செய்யப்பட்ட அந்தக் கட்டம் போட்ட துணி.

அங்கே அவருக்கு டூசிடாலா என்று பெயர், கதை சொல்பவர் என்று அர்த்தம். கேட்டதைத் தரும் பூதத்தை அடைத்த சீசாவைப் பற்றி அவர் எழுதிய கதை 1891-இல் மிஷன் பத்திரிகையில் சமோவா மொழியில் வந்தது. புனைகதை என்ற வழக்கம் அவர்களுக்குப் புதிது. வேலையே செய்யாமல் இந்த மனிதருக்கு இவ்வளவு பெரிய வீடு எப்படி வந்தது என்பதற்கு அந்த சீசாதான் காரணம் என்று சிலர் நம்பினார்கள். வீட்டுக்கு வந்து, கிளம்பும் நேரத்தில் மெதுவாக, அந்த சீசா எங்கே இருக்கிறது என்று விசாரிப்பார்களாம்.

1893-இல் சண்டை மூண்டு மாதாஃபா தோற்றார். அவரை மார்ஷல் தீவுகளுக்கு நாடு கடத்தினார்கள், அவருடைய பக்கம் நின்ற தலைவர்களை ஆபியா சிறையில் போட்டார்கள். ஸ்டீவன்சன் அவர்களுக்கு உணவும் புகையிலையும் கொண்டுபோய்க் கொடுத்தார், மருத்துவம் பார்க்க ஏற்பாடு செய்தார், விடுதலைக்காக வாதாடினார். 1894-இல் வெளியே வந்ததும் அந்தத் தலைவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். வைலிமா வீட்டுக்கு நல்ல சாலை இல்லை. கூலி வாங்காமல், பரிசு வாங்காமல், தங்கள் ஆட்களையும் சாப்பாட்டையும் தாங்களே கொண்டுவந்து சாலை போட்டுக் கொடுத்தார்கள். அன்புள்ளங்களின் சாலை என்று அதற்குப் பெயரிட்டார்கள். சமோவாவில் தலைவர்கள் மண்வெட்டி பிடித்துச் சாலை போடுவது சாதாரண விஷயம் அல்ல.

அக்டோபரில் அந்தத் தலைவர்களுக்கு விருந்து வைத்து ஸ்டீவன்சன் ஒரு உரை நிகழ்த்தினார். சமோவாவைக் காப்பாற்றத் துப்பாக்கி உதவாது என்றார். சாலை போடுங்கள், தோட்டம் வையுங்கள், மரங்களைப் பேணுங்கள், விளைச்சலைப் புத்தியோடு விற்றுப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் மற்றவர்கள் வந்து இந்த மண்ணை எடுத்துக்கொள்வார்கள் என்றார். என் நாட்டு மலைப்பகுதியிலும் உங்களைப் போலவே துணிச்சலும் விசுவாசமும் உள்ள ஜனங்கள் இருந்தார்கள், இன்று அங்கே மைல் கணக்கில் நடந்தாலும் புகை எழும் வீடு ஒன்றைப் பார்ப்பது அரிது, ஆடுகள்தான் மேய்கின்றன என்றார். ஆலன் பிரெக் ஓடித் திரிந்த மலைகளைத்தான் அவர் சொன்னார். அந்தப் பேச்சில் நாவலாசிரியரும் இருக்கிறார், கலங்கரை விளக்கக் குடும்பத்துப் பேரனும் இருக்கிறார்.

அதற்குச் சில வாரங்களிலேயே முடிவு வந்துவிட்டது. 1894 டிசம்பர் 3, காலையில் ஃபேனியின் மகள் இசபெல்லிடம் 'வெயர் ஆஃப் ஹெர்மிஸ்டன்' நாவலைச் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். எடின்பரோவில் கண்டிப்பான ஒரு நீதிபதிக்கும் மென்மையான அவர் மகனுக்கும் நடுவே நடக்கும் கதை. பாதியில் நிற்கிறது. சாயங்காலம் ஃபேனியோடு சாப்பாட்டுக்கு மயோனைஸ் கலந்துகொண்டிருந்தவர் சட்டென்று தலையைப் பிடித்துக்கொண்டு, என் முகம் ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்டபடியே சரிந்தார். வாழ்நாளெல்லாம் பயமுறுத்திய நுரையீரல் அவரைக் கொண்டுபோகவில்லை. மூளையில் ரத்தக் கசிவு. வயது 44.

செய்தி கேட்ட தலைவர்கள் நுண்ணிய பாய்களோடு வந்து உடலைச் சுற்றி இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் உள்ள வாயேயா மலையின் மேலே தன்னைப் புதைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அங்கே ஏறப் பாதை கிடையாது, அடர்ந்த காடு. கோடரியும் அரிவாளுமாக ஆட்கள் வந்து வேலையை ஆரம்பித்து, மறுநாளுக்குள் செங்குத்தான அந்தச் சரிவில் வழி வெட்டிவிட்டார்கள். தோள் மாற்றித் தோள் மாற்றிச் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பின்பு தலைவர்கள் அந்த மலையில் யாரும் துப்பாக்கி வெடிக்கக் கூடாது என்று தடை போட்டார்கள், டூசிடாலாவின் கல்லறையைச் சுற்றிப் பறவைகள் பயமில்லாமல் கூவட்டும் என்று.